மீதி முப்பத்துநான்கு

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள். போனை மேசைமேல் கவிழ்த்து வைக்காதீர்கள். இந்த மேசையைத் துடைத்து எப்படியும் இரண்டு நாள் ஆகியிருக்கும். ஜன்னல் வேறு திறந்து கிடக்கிறது. நான் பேசுவதை அதில்தான் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் நிமிர்த்தி வைத்தாலும் பதிவாகும். தப்பாக நினைக்காதீர்கள். பத்தொன்பது வருஷப் பழக்கம், யார் போனைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருப்பதில்லை.

என் வேலை என்ன என்று என் மாமியாருக்கு இன்றுவரை புரியவில்லை. மாப்பிள்ளை கண்ணாடிக் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லிப் பெண் கொடுத்தார்கள். உலைக்கு முன்னால் நின்று வியர்வை சிந்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் அழுக்கு தயாரிக்கிறேன்.

சிரிக்கலாம், எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் கம்பெனி போனுக்கு மேல் கண்ணாடி செய்கிறது. அதைச் சந்தைக்கு அனுப்பும் முன், ஒரு மனிதன் பேண்ட் பாக்கெட்டில் இரண்டு வருஷம் வைத்திருந்தால் அதில் கீறல் விழுமா விழாதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் காத்திருக்க எம்.டி.க்குப் பொறுமை கிடையாது. ஆகவே உள்ளே பேண்ட் துணி தைத்த ஒரு டிரம் இருக்கிறது. அதில் போனைப் போட்டு, கூடவே ஒரு பாக்கெட்டில் என்னென்ன கிடக்குமோ அதையெல்லாம் போட்டு, ஆறு மணி நேரம் சுற்ற விட்டால் இரண்டு வருஷம் நடந்த கணக்கு. அந்த 'என்னென்ன கிடக்குமோ' இருக்கிறதே, அதுதான் என் இலாகா. இரண்டு சாவி, மூன்று நாணயம், கொஞ்சம் பஞ்சு, கசங்கிய ரசீது, பிஸ்கட் தூள், மணல் துகள் நாற்பது.

இதில் மணல் ஒன்றுதான் விஷயம். மற்றதெல்லாம் சும்மா ஒப்புக்கு. சாவி பட்டுக் கீறியது, நாணயம் பட்டுக் கீறியது என்று ஜனங்கள் புலம்புவார்கள். சாவியும் நாணயமும் கண்ணாடியைவிட மிருது, அவற்றால் எங்கள் கண்ணாடியை ஒன்றும் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் பாக்கெட் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணல் துகள் செய்யும். அந்த மணலை நான் ஏழு முறை அலசுவேன். அடுப்பில் காய வைப்பேன். இரண்டு சல்லடையில் சலிப்பேன்; மேல் சல்லடையில் இறங்கி, கீழ்ச் சல்லடையில் இறங்காமல் நிற்பது மட்டும்தான் எனக்கு வேண்டும். பிறகு லென்ஸுக்கு அடியில் வைத்து, மெல்லிய பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி, உருண்டையாக இருப்பதை ஒதுக்கிவிட்டு, விளிம்பு கூர்மையாக இருப்பதில் நாற்பதை எண்ணி எடுப்பேன். என் மேசையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் உண்டு. ஒன்று பாஸ், மற்றது ஃபெயில். நான் ஃபெயில் குத்தியதை இந்தக் கம்பெனியில் ஒருவரும் அடித்துத் திருத்தியதில்லை, போன வருஷம் வரை.

வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களுக்கு நான் துரோகம் செய்ததாக உங்கள் விசாரணைத் தாளில் எழுதியிருக்கிறது. புகார்க் கடிதங்களின் நகல் என் மேசைக்கும் வரும். அத்தனையும் பொய். "தானாகவே கீறல் விழுந்துவிட்டது" என்று ஒருவர். "இரவில் நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் கோடு" என்று இன்னொருவர். ஒருவர் போனின் மேலேயே வைத்து வெங்காயம் நறுக்கியிருக்கிறார். சமையல் குறிப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்ததாம், எட்டிப் பார்க்கச் சோம்பலாக இருந்ததாம். இவர்களுடைய எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்று மாடியில் மாதம் ஒரு கூட்டம் போடுவார்கள். விளம்பரத்தில் ஒரு பையன் போனைத் தரையில் உரசி விளையாடுவதைக் காட்டிவிட்டு, அப்புறம் எதிர்பார்ப்பு என்ன, எலுமிச்சம்பழ அளவிலா இருக்கும்.

இப்போது என் தங்கையிடம் வருகிறேன். நீங்கள் காத்துக்கொண்டிருப்பதும் அதற்குத்தான் என்று தெரியும்.

என்னைவிட எட்டு வயது சின்னவள். மாடியில் எல்லோரும் அவளை டாக்டர் என்பார்கள்; வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அவளை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் தரைத்தளத்தில் சேர்த்துவிட்டேன், அவள் நாலே வருஷத்தில் மாடிக்குப் போய்விட்டாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. சந்தோஷம்தான். கேட்பவர்களிடமெல்லாம் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

வாலு ஒரு புதுக் கண்ணாடி செய்தாள். மூன்று வருஷ உழைப்பு. அதன் முதல் துண்டைத் தன் போனில் பொருத்தி, உறை கிறை எதுவும் இல்லாமல் வெள்ளைக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தாள். பார்ப்பவர்களிடமெல்லாம் எடுத்து நீட்டி, கோடு இருந்தால் காட்டு பார்ப்போம் என்று வம்பு இழுப்பாள். அந்தக் கண்ணாடி என் டிரம்முக்கு வந்தது. ஆறு மணி நேரம் சுற்றியது. ஏழு கீறல். நான் ஃபெயில் குத்தினேன். தங்கை என்பதற்காக முத்திரையை மெதுவாகவா குத்த முடியும்?

அவள் கீழே இறங்கி வந்தாள். என் மணலை லென்ஸில் பார்த்தாள். நிமிர்ந்து சிரித்தாள்.

"அண்ணா, இது பாக்கெட் இல்ல. கட்டடம் கட்டுற இடம். பேண்ட்டுக்குள்ள இவ்வளவு மணலை வச்சுக்கிட்டு எந்த மனுஷன் நடப்பான்?"

"பரிசோதனைப் புத்தகத்துல நாற்பதுன்னு இருக்கு வாலு."

"புத்தகத்துல யாரு எழுதினது?"

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எழுதினார். அதையேதான் மறுநாள் கூட்டத்திலும் சொன்னேன். அவருக்கு யார் சொன்னது என்று எம்.டி. கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். விளம்பரக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாலுவும் சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என் ஃபெயில் முத்திரைக்குக் குறுக்கே எம்.டி. பச்சை மையில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். எனக்கு வலித்தது. இதை மறைப்பானேன், நன்றாகவே வலித்தது.

அன்றே இரண்டு முடிவு எடுத்தார்கள். முதலில் எங்கள் ஊரில் மட்டும் அந்தக் கண்ணாடி போட்டு இரண்டாயிரம் போன் விற்றுப் பார்ப்பது. இரண்டு வருஷத்துக்குள் கீறல் விழுந்தால் கண்ணாடியை இலவசமாக மாற்றித் தருவது. அது வாலுவின் யோசனை, அவ்வளவு தைரியம். இரண்டாவது, நான் போய் நிஜமான பாக்கெட்டுகளில் நிஜமாக எவ்வளவு மணல் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வருவது.

என் மச்சினன் கம்பெனிக்கு எதிர்த் தெருவில் லாண்டரி வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருடைய பேண்ட் அவனிடம்தான் வரும். எங்கள் கம்பெனி வெள்ளைக் கோட்டுகளும் வாரா வாரம் அங்கேதான் போகும். துவைக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பி உதறி, விழுவதைத் தனித்தனி உறையில் போட்டு வைக்கச் சொன்னேன். "உங்களுக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு மாமா?" என்று கேட்டான். ஆனாலும் செய்தான். இருநூறு பாக்கெட். நான் ஒவ்வொன்றாக லென்ஸில் வைத்து எண்ணினேன். நூல் பிசிறு, பல் குத்தும் குச்சி, மாத்திரை அட்டை, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காத ஒரு கடிதம். மணல், சராசரியாக ஆறு. அந்த ஆறிலும் பாதி தேய்ந்து போன உருண்டைகள்.

அந்த இடத்தில்தான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. நிதானமாகத்தான் யோசித்தேன், அவசரப்படவில்லை. நாற்பதும் ஆறும் ஒத்துவரவில்லை. ஒன்று நாற்பது தப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டுகள் தப்பாக இருக்க வேண்டும். நாற்பது புத்தகத்தில் இருக்கிறது, மையில் எழுதியிருக்கிறது, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. பாக்கெட்டுகளிடம் எழுத்துப்பூர்வமாக எதுவும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த நாற்பதை வைத்து நூற்றுக்கணக்கான கண்ணாடிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எத்தனை பேருடைய மூன்று வருஷம் இருந்ததோ. அது அத்தனையும் தப்பு என்று ஒரு பல் குத்தும் குச்சி சொன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா? பாக்கெட்டுகள்தான் தரத்துக்குக் கீழே இருந்தன. ஒவ்வொன்றிலும் முப்பத்துநான்கு குறைந்தது.

குறைவதை நிரப்பக் கூடாது என்று எங்காவது விதி இருந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் லாண்டரிக்குப் போக ஆரம்பித்தேன். "என்ன மாமா, அக்கா வீட்டை விட்டுத் துரத்திடுச்சா?" என்று மச்சினன் கிண்டல் செய்தான். எனக்கு இஸ்திரி போடுவதில் மனசு அமைதியாகிறது என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. அவனுக்குக் கையாள் கிடைத்த சந்தோஷம், மேலே எதுவும் கேட்கவில்லை. அவனை விட்டுவிடுங்கள், அவன் அப்பாவி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் முப்பத்துநான்கு முப்பத்துநான்காக எண்ணிச் சின்னச் சின்னப் பொட்டலம் கட்டி வைப்பேன். நாளைக்கு முப்பது பொட்டலம். தேய்த்த பேண்ட்டின் வலது பக்கப் பாக்கெட்டைத் திருப்பி, மூலையில் துணிக் கஞ்சியை ஒரு சொட்டு தடவி, துகள்களைத் தூவி, மறுபடி உள்ளே தள்ளி மடித்து வைத்துவிடுவேன். கஞ்சி இல்லாவிட்டால் முதல் உதறலிலேயே கொட்டிப்போகும். நாலைந்து நாளில் காய்ந்து உதிர்ந்து ஒவ்வொன்றாக வேலை செய்யும்.

துவைத்த பாக்கெட் காலிதானே, நாற்பதும் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மீதி ஆறு அவரவர் நடந்து சேர்த்துக்கொள்வார்கள். கூடுதலாகப் போட்டால் அது அநியாயம். சட்டைப் பையில் ஒருநாளும் போட்டதில்லை, அது எங்கள் தரநிலையிலேயே வராது. யாரிடம் அந்தப் போன் இருக்கிறது, யாரிடம் இல்லை என்றும் பார்க்கவில்லை. பாரபட்சம் இருந்தால் அது பரிசோதனை ஆகாது.

மூன்று மாதத்தில் நூற்றறுபத்து மூன்று புகார் வந்தது.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜனங்கள் உண்மை எழுதினார்கள். "பாக்கெட்டில் போனைத் தவிர ஒன்றுமே இல்லை" என்று எல்லாக் கடிதத்திலும் இருந்தது. அதை நம்ப மாடியில் ஒரு ஆள் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பேண்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரு அம்மா, தன் மோதிரம்தான் கீறியது என்று கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டே நான் டீ குடித்தது நினைவிருக்கிறது. நல்ல டீ.

வாலுவிடம் பேச்சு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள், என் பிள்ளைகளோடு சண்டை போட்டு ரிமோட்டைப் பிடுங்குவாள், அதெல்லாம் நின்றது. வேலை நேரத்தில் என் அறைக்கு இறங்கி வந்து, சல்லடைகளுக்குப் பக்கத்து ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

"கணக்கை எட்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன் அண்ணா. எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன், எங்கன்னு தெரியல."

"விடு. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"ஆனா என் போன்ல ஒண்ணும் இல்லயே. பதினோரு மாசமாச்சு. இதுவும் அதே கண்ணாடிதானே."

கோட்டிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த ஒரு போனைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றுகொண்டிருந்தாள். எம்.டி. அறையில் ஒவ்வொரு தடவை திட்டு வாங்கும்போதும் அதை எடுத்து மேசைமேல் வைப்பாளாம். அவர்களும் வாயை மூடிக்கொள்வார்களாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, அந்தப் போனை என் மேசைமேல் வைத்தாள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு கோடு. அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக ஏழெட்டு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட நான் அவளை அப்படி அழவிட்டதில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். டீ வரவழைத்தேன். சர்க்கரை கூடப் போடச் சொன்னேன், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

திங்கட்கிழமை அவளே அறிக்கை எழுதினாள். தன் கண்ணாடி தகுதியற்றது, தரைத்தளப் பரிசோதனை சரியானது, நாற்பது என்ற அளவை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எம்.டி. என் அறைக்கே வந்து கை கொடுத்தார். கோடு போட்ட அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் என்னை மறுபடி ஃபெயில் குத்தச் சொன்னார். குத்தினேன். மாடியில் வாலுவுக்கு இனி இடமில்லை என்றானபோது, என்னிடம் விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் விடவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்த அந்த ஐந்து வாரம்தான் என் பணிக்காலத்திலேயே நல்ல காலம் என்பேன். அவளுக்கு மணல் அலசக் கற்றுக்கொடுத்தேன். சல்லடையை எப்படித் தட்டுவது, பிரஷை எந்த விரலில் பிடிப்பது, உருண்டையை எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் சொன்னேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அவள் எப்போதுமே சூட்டிகை.

அங்கேதான் மாட்டினேன். நாலு மாதம் முன்பு, புகார் வந்த போன்களின் ஸ்பீக்கர் ஓட்டைகளில் அடைந்திருந்த அழுக்கை ஊசியால் எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு வைத்திருந்தாள். அப்போது அது அவளுக்கு வெறும் மணலாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து வாரம் என் மணலோடு பழகிய பிறகு ஒருநாள் அதை மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டாள். லென்ஸுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தகடு.

"அண்ணா, இதுல எது உன்னுது?"

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே சுத்தம், ஒன்றுகூட உருண்டை இல்லை. தெருவில் கிடக்கும் மணலில் பெரிதும் சிறிதும் மண்ணும் தூசியும் கலந்து கிடக்கும். அதை ஒரு கை அள்ளித் தூவியிருந்தால் கடவுளாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கும் அது தெரியும். ஆனால் அப்படி ஒரு மட்டமான வேலை என் கையிலிருந்து வெளியே போகாது. தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேர்த்தியான துகளைப் பார்த்துக்கொண்டு என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டும் என்னுதுதான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. குப்பிகளை வரிசையாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"என் கோட்டுலயுமா?"

நான் சல்லடையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிள்ளைகள் அத்தை எங்கே என்று கேட்கிறார்கள்.

உங்கள் தாளில் கடைசிக் கேள்வியாக அவள் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீங்கள் கையால் மறைத்தாலும் தலைகீழாகவே படித்துவிட்டேன். பொடி எழுத்தும் பொடி மணலும் எனக்கு ஒன்றுதான். பதில் சொல்கிறேன். ஆமாம், நான்தான். அவள் போனை நீட்டிக் காட்டிய அதே வாரம், புதன்கிழமை மாலை வெள்ளைக் கோட்டுகள் தேய்க்க வந்தன. அவளுடையதைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, வலது பாக்கெட் ஓரத்தில் அவளே தைத்துக்கொண்ட நீல நூல் இருக்கும்.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் எல்லோருக்கும் முப்பத்துநான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது சரி. அவள் பாக்கெட்டில் எவ்வளவு போட்டேன் என்று எனக்குத் தெரியாது, மணல் புட்டியை அப்படியே கவிழ்த்தேன். கூடப் பிறந்தவளுக்குப் போடும்போது யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா?